வீட்டு அடுப்பில் வெந்த பியர்

பொழுதுபோக்கு என்ற சொல்லை நாம் மிக எளிதாகக் கையாண்டுவிடுகிறோம். மேலை நாட்டுக்காரர் ஒருவரிடம் அவருடைய பொழுதுபோக்குகள் என்னவென்று கேட்டால், விடுமுறையில் குடும்பத்தோடு கூடாரம் அடித்துத் தங்குவது, வீட்டில் எளிய சமையல் செய்வது, சமையலறை மூலையில் ஒரு ஜாடியில் பியரை நொதிக்கவிடுவது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடும். இம்மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஒரு காலத்தில் இவற்றில் எதையும் யாரும் பொழுதைப் போக்குவதற்காகச் செய்யவில்லை. கூடாரத்தில் உறங்கியவர்கள் படைவீரர்களும் இடையர்களும் நிலம் தேடிப் புறப்பட்ட குடியேறிகளும். சமையல் அன்றாடம் தப்பாமல் வரும் கடமை. பியர் காய்ச்சுவது அந்தக் கடமையின் ஒரு பகுதி.

கடமையாக இருந்த ஒரு வேலை எப்போது ஓய்வாக மாறுகிறது? மாறும்போது அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட, மூன்றில் பியரின் கதையே நமக்கு அதிகம் உதவுகிறது. காரணம் எளியது. வீட்டில் வெந்த சோற்றுக்கு அரசர்கள் வரி போடவில்லை, பியருக்குப் போட்டார்கள். வரி இருக்கும் இடத்தில் கணக்கு இருக்கும். கணக்கு இருக்கும் இடத்தில், வரலாறு வழக்கமாக மறந்துவிடும் எளிய மனிதர்களின் பெயர்களும் அழியாமல் கிடக்கும்.

காய்ச்சிய பெண்கள்

பியரைக் கஞ்சியின் நெருங்கிய உறவு எனலாம். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, உடைத்துச் சுடுநீரில் ஊறவிட்டால், முளைக்கும்போது தானியத்துக்குள் உருவான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. அந்த இனிப்பு நீரை வடித்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை ஆல்கஹாலாக மாறுகிறது. தானியம் ஊறும் நீரின் சூடு ஏறக்குறைய 65 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும். வெப்பமானி இல்லாத காலத்தில் அதற்கு ஓர் உபாயம் இருந்தது. கொதித்த நீரை ஆறவிடுவார்கள். ஆவி விலகி நீரில் முகம் தெரியத் தொடங்கும்போது முளைதானியத்தைச் சேர்ப்பார்கள். சோறு பதம் பார்க்கும் அதே அறிவுதான் இது.

அடுப்படி அறிவு என்பதால் பெண்களின் அறிவாகவும் இருந்தது. ஏறத்தாழ கி.மு. 1800ஐச் சேர்ந்த சுமேரியக் களிமண் பலகைகளில் பியரின் தெய்வமான நின்காசியைப் போற்றும் ஒரு பாடல் கிடைத்திருக்கிறது. நின்காசி ஒரு பெண் தெய்வம். அந்தத் துதி, பியர் காய்ச்சும் முறையையும் படிப்படியாகச் சொல்லிச் செல்கிறது. பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மனியில், மார்ட்டின் லூதரின் மனைவி கதரீனா ஃபான் போரா, விட்டன்பெர்கில் தங்கள் பெரிய இல்லத்தை நடத்தியபடியே பியரும் காய்ச்சினார். வெளியூர் சென்ற லூதர், கடிதத்தில் மனைவியின் பியரை நினைத்து ஏங்கியிருக்கிறார்.

மிகத் துல்லியமான சித்திரம் இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ரொட்டிக்கும் ஏலுக்கும் விலையையும் தரத்தையும் நிர்ணயிக்கும் சட்டம் இருந்தது. ஏல் என்பது ஹாப்ஸ் சேர்க்காத அக்காலத்து பியர். வீட்டுத் தேவைக்குக் காய்ச்சிய பெண், மிஞ்சியதை அண்டை அயலாருக்கு விற்பாள். ஏல் தயாரானதும் வாசலில் ஒரு கழியை நட்டுவைப்பாள். சுவை பார்க்கும் அதிகாரி வந்து பார்ப்பார். பின்னர் ஊர் நீதிமன்றத்தில் ஒரு சிறு அபராதம் விதிக்கப்படும். தவறு செய்தவர், செய்யாதவர் என்ற பேதம் பல இடங்களில் இல்லை; அபராதம் என்ற பெயரில் வசூலிக்கப்பட்ட உரிமக் கட்டணம் அது. அந்த நீதிமன்றச் சுருள்களில் ஆயிரக்கணக்கான பெண்களின் பெயர்கள் எஞ்சின.

வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னெட் இந்தச் சுருள்களைப் படித்து 1996இல் வெளியிட்ட நூல், 1300க்கும் 1600க்கும் இடையே நடந்ததை விவரிக்கிறது. ஹாப்ஸ் சேர்க்காத ஏல் சில நாட்களில் புளித்துவிடும். ஆகவே அதைச் சிறு அளவில், அடிக்கடி, வீட்டருகிலேயே காய்ச்ச வேண்டியிருந்தது. பிள்ளைகளையும் அடுப்பையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஏற்ற தொழில் அது. ஆதாயம் குறைவு, மதிப்பும் குறைவு. 1400 வாக்கில் கடலுக்கு அப்பால் நெதர்லாந்துப் பகுதியிலிருந்து ஹாப்ஸ் சேர்த்த பியர் இங்கிலாந்துக்கு வந்தது. அந்தக் கசப்புப் பூ பியரை நெடுநாள் கெடாமல் காத்தது. கெடாத பொருளைப் பெரிய கலன்களில் காய்ச்சலாம், பீப்பாயில் அடைத்துத் தொலைவுக்கு அனுப்பலாம், படைகளுக்கு விற்கலாம். பெரிய கலன்களுக்கு முதல் வேண்டும், கடன் வேண்டும், தொழிற்சங்கத்தில் இடம் வேண்டும். இவை எவையும் பெண்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. ஆதாயம் வந்தபோது தொழில் கைமாறிவிட்டது.

வரிசை இதுதான் என்று நினைவில் கொள்வோம். வேலை முதலில் பெண்ணுடையதாக இருந்தது, பிறகு முதலாளியுடையதாயிற்று. பொழுதுபோக்கு என்ற கட்டம் இன்னும் வரவில்லை.

காபெட்டின் கோபம்

தொழிலாக மாறிய பிறகும் கிராமத்து வீடுகளில் பியர் காய்ச்சுவது நின்றுவிடவில்லை. அது மறையத் தொடங்கியதைக் கண்ணால் கண்டு கொதித்தெழுந்தவர் வில்லியம் காபெட். ஹாப்ஸ் விளையும் சர்ரே மாவட்டத்து ஃபார்ன்ஹாமில் 1763இல் பிறந்தவர். உழவர் வீட்டுப் பிள்ளை. பின்னாளில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கலகக்கார இதழாளர். 1821–22இல் பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட ‘காட்டேஜ் எகானமி’ என்ற நூல் ரொட்டி சுடுவது, பசு வளர்ப்பது, பன்றி வளர்ப்பது, தேனீ வளர்ப்பது எல்லாவற்றையும் பேசுகிறது. ஆனால் அவர் தொடங்குவது பியரிலிருந்துதான்.

தம் இளமையில் கூலித் தொழிலாளர் வீடு ஒவ்வொன்றிலும் பியர் காய்ச்சப்பட்டதாகவும், நாற்பதே ஆண்டுகளில் அந்த வழக்கம் அடியோடு போய்விட்டதாகவும் காபெட் எழுதுகிறார். அதற்கு அவர் காட்டும் காரணங்கள் இரண்டு: முளைதானியத்தின்மீதும் ஹாப்ஸ்மீதும் போடப்பட்ட வரி, அந்த வரிக்கு ஈடுகொடுக்காத கூலி. பியரின் இடத்தைத் தேநீர் பிடித்துக்கொண்டது. தேநீரின்மீது காபெட் காட்டும் வெறுப்பு இன்று படிக்கையில் சிரிப்பூட்டும். அது உடலைத் தளர்த்துகிறது, சோம்பலை வளர்க்கிறது, அடுப்பை ஓயாமல் எரியவைத்து விறகையும் நேரத்தையும் தின்கிறது என்று அடுக்குகிறார். ஆண்டு முழுவதும் தேநீருக்கு ஆகும் செலவையும் பியருக்கு ஆகும் செலவையும் பென்ஸ் கணக்காக ஒப்பிட்டுக் காட்டுகிறார்.

அந்தக் கோபத்தின் அடியில் ஒரு கூர்மையான அரசியல் பார்வை இருக்கிறது. வீட்டில் செய்யத் தெரிந்த ஒன்றை மறந்துவிட்ட குடும்பம், அதைக் கடையில் வாங்கியாக வேண்டும்; வாங்கக் காசு வேண்டும்; காசுக்காக இன்னொருவனிடம் இன்னும் கொஞ்சம் பணிய வேண்டும். காபெட்டுக்கு வீட்டு பியர் ஒரு குடும்பத்தின் சுதந்திரத்தின் அளவுகோல். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சுதந்திரத்துக்காக விடியலில் எழுந்து நீர் சுமக்கப்போவது பெரும்பாலும் தொழிலாளியின் மனைவிதான். காபெட் அவளுக்கு அறிவுரை சொல்கிறார், உற்சாகமூட்டுகிறார். அவள் களைப்பைக் கணக்கில் எழுதவில்லை.

உரிமம் வேண்டிய ஜாடி

1697இலிருந்து நடப்பிலிருந்த முளைதானிய வரியை 1880இல் கிளாட்ஸ்டன் நீக்கினார். வரி தானியத்திலிருந்து பியருக்கே இடம்மாறியது. பியருக்கு வரி என்றால், யார் யார் காய்ச்சுகிறார்கள் என்று அரசுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆகவே தன் வீட்டுக்காகக் காய்ச்சுபவரும் உரிமம் பெற வேண்டியதாயிற்று. மலிவான தொழிற்சாலை பியர் மூலைக்கு மூலை கிடைத்த காலத்தில், உரிமம் எடுத்துக் காய்ச்ச எத்தனை பேர் முன்வருவார்கள்? வழக்கம் மெல்லத் தேய்ந்தது.

1963ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை ஒழித்தார். விற்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அதே ஆண்டில் சி. ஜே. ஜே. பெர்ரி எழுதிய வீட்டு பியர் நூல் வெளியாயிற்று. 1974இல் டேவ் லைன் எழுதிய ‘தி பிக் புக் ஆஃப் ப்ரூயிங்’ முளைதானியத்திலிருந்தே தொடங்கிக் காய்ச்சும் முழு முறையைச் சாதாரண சமையலறைக்குக் கொண்டுவந்தது. மருந்துக்கடைகளில்கூட பியர் காய்ச்சும் பொட்டலங்கள் விற்கப்பட்டன. ஒரு கடமை பொழுதுபோக்காக மறுபிறவி எடுத்த தருணம் இது. நூல்களை எழுதியவர்களும் வாங்கியவர்களும் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் நாற்பத்தைந்து ஆண்டுகள்

அமெரிக்கக் கதை இன்னும் விசித்திரமானது. 1757இல், இருபத்தைந்து வயது ஜார்ஜ் வாஷிங்டன் தம் குறிப்பேட்டில் ஓர் எளிய பியர் செய்முறையை எழுதிவைத்தார். தவிட்டையும் ஹாப்ஸையும் மூன்று மணி நேரம் கொதிக்கவைத்து, 30 கேலன் வடித்தெடுத்து, 3 கேலன் வெல்லப்பாகு சேர்க்கும் முறை அது. அந்தக் குறிப்பேடு நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஆகப்போகிறவர் எழுதிவைத்த அந்தச் சமையல் குறிப்பு, பிற்காலத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டவிரோதமாக இருந்தது.

1920 ஜனவரி 17 அன்று நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்குச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஒரு சிறு சந்து வைத்திருந்தது: வீட்டில் ஆப்பிள் சாறும் பழச்சாறும் செய்துகொள்ளலாம். அந்தச் சாறு திராட்சை மதுவாக முதிர்வதை அரசு பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பியருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் மளிகைக் கடைகளில் முளைதானியப் பாகு டப்பா டப்பாவாக விற்றது. மூடப்பட்ட பியர் ஆலைகளே அதைத் தயாரித்தன. ரொட்டிக்கும் கேக்குக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். ஹாப்ஸின் கசப்புச் சேர்த்த பாகும் கிடைத்தது. கசப்பான கேக்கை யார் சுடுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

1933 டிசம்பர் 5 அன்று மதுவிலக்கு முடிவுக்கு வந்தது. வீட்டில் திராட்சை மது செய்வது அனுமதிக்கப்பட்டது. பியர் அனுமதிக்கப்படவில்லை. கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக் குடிக்கலாம். சமையலறையில் ஒரு குடம் காய்ச்சினால் கூட்டரசின் சட்டப்படி குற்றம். இந்த முரண் நாற்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. போர்ட்லண்டில் ஃப்ரெட் எக்கார்ட் 1970இல் லாகர் பியர் பற்றிய கையேட்டை வெளியிட்டபோதும், கொலராடோவின் போல்டரில் பள்ளி ஆசிரியரான சார்லி பாப்பஸியன் மாலை வகுப்புகளில் பியர் காய்ச்சக் கற்றுக்கொடுத்தபோதும் சட்டம் அப்படித்தான் இருந்தது. 1975 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் கணினி ஆர்வலர்கள் சிலர் ஒரு கார்க் கொட்டகையில் கூடித் தங்கள் அமைப்புக்கு ‘ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்’ என்று பெயரிட்டார்கள். வீட்டிலேயே, விதிகளைப் பொருட்படுத்தாமல், கையால் செய்து பார்ப்பது என்ற பொருளை அந்தச் சொல் அதற்குள் பெற்றுவிட்டது.

கலிஃபோர்னியாவின் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் முன்வைத்த திருத்தம் அடங்கிய சட்டத்தில் 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். 1979 பிப்ரவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வயதுவந்த ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர், வரியின்றிக் காய்ச்சிக்கொள்ளலாம். விற்கக் கூடாது. மாநிலங்கள் தத்தம் சட்டங்களைத் திருத்த மேலும் காலம் எடுத்துக்கொண்டன. கடைசியாக நின்ற மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் இணங்கின.

ஒரு நாட்டின் சிறு சட்டத் திருத்தம் இன்னொரு நாட்டில் எப்படிப் பலிக்கிறது என்பதற்கு ஜாக் மெக்காலிஃப் நல்ல சான்று. அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய அவர் 1960களில் ஸ்காட்லாந்தில் இருந்தபோது வீட்டு பியர் காய்ச்சக் கற்றார். மாட்லிங் உரிமத்தை ஒழித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஊர் திரும்பி 1976இல் கலிஃபோர்னியாவின் சொனோமாவில், பழைய இரும்புச் சாமான்களைத் தானே வெட்டி ஒட்டி, நியூ ஆல்பியன் என்ற சிறு ஆலையைத் தொடங்கினார். 1982இல் அது மூடப்பட்டது. ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் போனவர்களில் ஒருவர், சிக்கோவில் வீட்டு பியருக்கான பொருட்களை விற்கும் கடை நடத்திய கென் கிராஸ்மன். 1980இல் அவருடைய சியரா நெவாடா ஆலையில் முதல் பியர் காய்ச்சப்பட்டது. 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவான பியர் ஆலைகளே இருந்த நாட்டில் இன்று ஒன்பதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றைத் தொடங்கியவர்களில் மிகப் பலர் வீட்டு அடுப்பில் கைபழகியவர்கள்.

கூடாரமும் குழம்பும்

இதே பாதையை மற்ற இரண்டிலும் காணலாம். தாமஸ் ஹைரம் ஹோல்டிங் 1853இல், ஒன்பது வயதுச் சிறுவனாக, குடியேறிகளின் வண்டித் தொடரோடு அமெரிக்கப் புல்வெளியைக் கடந்தவர். அன்று கூடாரம் அந்தக் குடும்பங்களின் வீடு. பின்னாளில் லண்டனில் தையற்கலைஞராக வாழ்ந்த அவர் இலேசான கூடாரங்களைத் தாமே வடிவமைத்து, 1901இல் மிதிவண்டியில் சென்று முகாமிடுவோருக்கான சங்கத்தைத் தொடங்கினார். 1908இல் அவர் எழுதிய ‘கேம்பர்ஸ் ஹேண்ட்புக்’ அந்தப் பொழுதுபோக்கின் மூலநூலாயிற்று. 1938இல் பிரிட்டனில் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்குச் சட்டம் வந்ததும், முகாம் தொழிலாளர் குடும்பங்களுக்கும் எட்டும் தொலைவுக்கு வந்தது. குடும்பமாகப் போனபோது இன்னொன்றும் நடந்தது. தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் விடுமுறை. தாய்க்குப் பல வேளைகளில் அடுப்பு மட்டும் இடம்மாறியது.

சமையலில் எலிசபெத் டேவிட்டை நினைக்கலாம். 1950இல், உணவுப் பங்கீடு இன்னும் முடியாத இங்கிலாந்தில், எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் பூண்டும் மணக்கும் மத்தியதரைக் கடல் சமையலைப் பற்றி அவர் எழுதினார். பங்கீடு 1954இல்தான் முடிந்தது. கிடைக்காத பொருட்களைப் பற்றிய அந்த நூலை மக்கள் ஆசையோடு படித்தார்கள். அந்த ஏழை உழவர்களின் அன்றாட உணவு, லண்டன் நடுத்தர வர்க்கத்தின் ரசனையாக மாறியது.

அதே செயல்தான். கட்டாயம் நீங்கும்போது அதன் முகம் மாறிவிடுகிறது.

நம் பக்கத்தில்

தமிழில் ‘அடுதல்’ என்ற சொல் சோறு சமைப்பதையும் கள் சமைப்பதையும் ஒருசேரக் குறித்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் சமைத்த நெற்கள்ளான தோப்பி வருகிறது. அதே பாட்டின் வேறோர் இடத்தில், அரிசிக் களியை அகன்ற வாய்ப் பிழாவில் ஆறவைத்து, அடை சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முதிரவிடும் முறை சொல்லப்படுகிறது. நின்காசியின் துதியைப்போல் இதுவும் கவிதைக்குள் பொதிந்த செய்முறைதான். விருந்தினருக்குத் தடையின்றி வைக்கப்பட்ட பொருள் அது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்து, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைப்படுத்திய மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் அந்தச் செயல் குற்றமாயிற்று. அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடை நடத்தி விற்கிறது. வாங்கலாம், செய்யலாகாது என்னும் நிலை, 1933க்குப் பிந்தைய அமெரிக்காவை நினைவூட்டுகிறது. குடியால் சிதைந்த குடும்பங்களை அறிந்தவர்கள் நாம். ஜாடியை விடுவியுங்கள் என்று முழங்குவது நம் நோக்கமன்று. ஒரே செயல் விருந்தோம்பலாகவும் குற்றமாகவும் பொழுதுபோக்காகவும் ஆவதில், செயலின் தன்மையைவிட அதைச் செய்பவரின் இடத்துக்கே பங்கு அதிகம் என்பதையே சுட்ட விரும்புகிறோம்.

கடமை பொழுதுபோக்காக மாறாமலேயே தொடர்ந்த இடங்களும் உண்டு. பின்லாந்தில் சஹ்தி என்ற பியரை, தொட்டியில் ஜூனிப்பர் கிளைகளைப் பரப்பி அதன் வழியே வடித்தெடுப்பார்கள். 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை மரபு உணவாகப் பதிவுசெய்தது. மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் குவெய்க் என்ற ஈஸ்ட்டை மரக்கட்டைகளிலும் வளையங்களிலும் உலர்த்தித் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். வேறு ஈஸ்ட்டுகள் தள்ளாடும் 35 பாகைச் சூட்டிலும் அது நன்றாக வேலைசெய்கிறது. நார்வேக்காரரான லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் ஊர் ஊராகச் சென்று இம்முறைகளைத் தொகுத்து 2020இல் நூலாக்கினார். இன்று உலகெங்கும் வீட்டு பியர் ஆர்வலர்கள் அந்த ஈஸ்ட்டைத் தேடி வாங்குகிறார்கள்.

பொழுதுபோக்காளர்களை நாம் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. முகம் தெரியும் நீரின் சூட்டையும் மரக்கட்டையில் உறங்கும் ஈஸ்ட்டையும் மறதியிலிருந்து மீட்டவர்கள் அவர்கள். ஆனால் பியர் காய்ச்சுபவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஓர் உண்மை உண்டு: அந்த வேலையில் பெரும்பகுதி பாத்திரம் கழுவுவதுதான். ஊர் நீதிமன்றத்தில் ஆண்டுதோறும் அபராதம் கட்டிய அந்தப் பெண்களுக்கும் இது தெரிந்திருக்கும். அவர்களில் யாரும் செய்முறை நூல் எழுதியதாகத் தெரியவில்லை. கட்டிய அபராதத்தால் மட்டுமே நமக்குத் தெரியவருகிறார்கள். ஒரு வீட்டில் இன்று யாரேனும் மகிழ்ச்சியோடு ஒரு ஜாடி பியர் வடித்தால், அந்தச் சுருள்களில் உள்ள பெயர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நன்று.